ஓலையும் விசையும்: தமிழில் கையெழுத்தின் பயன் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் பலர் எழுத்தின் வடிவ மாற்றத்தை விரிவாக எழுதியுள்ளனர். வடிவத்தை ஆக்கிய கையைப் பற்றியும் அக்கை பற்றிய கருவியைப் பற்றியும் எழுதப்பட்டன அவ்வளவு மிகுதியல்ல. கல்லில் உளி, ஓலையில் எழுத்தாணி, தாளில் தூவல், பொறியில் விசை எனக் கருவி மாறுந்தோறும் எழுத்து மாறியது; எழுதுவோன் எழுத்தோடு கொண்ட உறவும் உடன் மாறியது. கையால் எழுதுதல் நன்றோ, விசையால் அடித்தல் நன்றோ என்னும் வினாவைக் கல்வியாளரும் மருத்துவரும் இக்காலத்துப் பலவாறு ஆராய்கின்றனர். அவ்வினாவைத் தமிழ்ச் சுவடி வரலாற்றின் வழியே நோக்கினால் பிறர் காணாத ஒரு கூறு புலப்படும் என்பது எம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் வாழும் சிட்லபாக்கம், தாம்பரத்தை அடுத்து ஏரியொன்றைச் சார்ந்து எழுந்த ஊர். நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்து, 2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கியது. 1931-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிய பின்னர், நகரத்து அலுவலகங்களுக்கு நாள்தோறும் சென்று மீளும் குடும்பங்கள் இப்பக்கத்து ஊர்களில் பெருகின. அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிறுதித் தேர்வு முடிந்த மறுநாள் விதிக்கப்பட்ட கடமை ஒன்று உண்டு. அது தட்டெழுத்துப் பயிலகத்திற் சேர்தல். ஆங்கிலத்தில் இளநிலை, பின்பு முதுநிலை, அதன்பின் தமிழ் என்னும் வரிசை பலருக்கும் நினைவிருக்கும். இடக்கை விரல்கள் ‘யளனக’ என்று ஓயாது அடித்துப் பழகிய ஓசையை மாடிப்படியின் கீழ் நின்று கேட்டவருள் யாமும் ஒருவர். ஆதலின் பொறியை இகழ்ந்துரைக்கும் நோக்கம் எமக்கு இல்லை. அப்பொறி எத்தனையோ பெண்மக்களுக்கு அரசு அலுவலக வாயிலைத் திறந்துவிட்டது.

எனினும் முதுகலை வகுப்பில் சுவடிப் பாடம் நடத்துங்காலை யாம் கண்ட ஒன்று எம்மைச் சிந்திக்கச் செய்தது. ஓலைச்சுவடியின் நிழற்படம் ஒன்றை மாணவரிடம் அளித்துப் படியெடுத்து வருமாறு பணித்தோம். சிலர் தாளில் எழுதி வந்தனர். பலர் கணிப்பொறியில் அடித்து வந்தனர். அடித்து வந்தவற்றுள் பிழை மிகுதி என்று கூற மாட்டோம். இருவகையிலும் பிழை இருந்தது. வேற்றுமை வேறோரிடத்தில் இருந்தது. தாளில் எழுதியோர் தமக்கு விளங்காத இடங்களில் ஓலையிற் கண்ட வடிவத்தை அப்படியே வரைந்து அருகில் ஒரு வினாக்குறி இட்டிருந்தனர். அடித்து வந்தோர் படிகளில் ஐயம் என்பதே இல்லை. எல்லா இடமும் தெளிவாக, ஐயத்திற்கு இடமற்றதாக, அழகாக இருந்தது.

இவ்வேற்றுமையின் காரணத்தை அறிய ஓலையெழுத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பதப்படுத்திய பனையோலையை இடக்கையிற் பற்றி, வலக்கை எழுத்தாணியால் கீறி எழுதுவர். இடக்கை ஓலையை மெல்ல நகர்த்திக் கொடுக்க, வலக்கை பெரிதும் நின்ற இடத்தில் நின்றே இயங்கும். கீறிய எழுத்து கண்ணுக்குப் புலனாகக் கரியும் மஞ்சளும் இலைச்சாறும் போன்றவற்றைத் தடவித் துடைப்பர். இவ்வாறு எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டுவதில்லை. ஒற்றைக் கொம்பே இரண்டிற்கும் நின்றது. ரகரமும் ஆகாரக் காலும் ஒரே வடிவின. சொற்களுக்கு இடையே இடைவெளியும் இல்லை. புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்பதே இதற்குக் காரணம் என்று பலரும் எழுதிவருகின்றனர். கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை என்பதை அன்னோர் கருதிற்றிலர். கல் கிழியாது. தொல்காப்பியர் மெய்க்கும், எகர ஒகரங்களுக்கும் புள்ளி விதித்திருக்கவும் வழக்கில் அது நெகிழ்ந்தமைக்குக் கருவியின் இயல்போடு எழுதுவோரின் பழக்கமும் காரணமாதல் வேண்டும். தமிழறிந்தோனே தமிழைப் படிப்பான் என்னும் நம்பிக்கை அவ்வெழுத்து முறையின் அடியில் உள்ளது.

அதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஓலையில் ஒரு கொம்பு, ஒரு பகரம், ஒரு ரகர வடிவம் என மூன்று அடுத்தடுத்து நிற்பதாகக் கொள்வோம். இதனைப் பெர, பேர, பெர், பேர், பொ, போ என ஆறு வகையாகப் படிக்கலாம். இவற்றுள் எது உரியது என்பதை முன்பின் வரும் சொற்களும், செய்யுளாயின் சீரும் தளையும் எதுகையுமே காட்டும். தாளில் எழுதுவோன் பொருள் விளங்கும்வரை அம்மூன்று வடிவங்களையும் ஓலையில் உள்ளவாறே வரைந்து வைத்துக்கொண்டு மேலே செல்லலாம். விசைப்பலகை அவ்வுரிமையை அளிப்பதில்லை. அதில் ரகரம் ஒரு விசை, ஆகாரக் கால் வேறொன்று. ஒற்றைக் கொம்பு ஒன்று, இரட்டைக் கொம்பு வேறொன்று. விரல் அழுத்திய அளவிலே ஒரு பாடம் முடிவாகிவிடுகின்றது. கணிப்பொறியின் உள்ளேயும் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் குறியீட்டெண் உள்ளதாதலின், பின்னர் அப்படியைக் காண்பவன் ஓலையில் இருந்தது யாது என்று அறிய வழியில்லை. ஐயத்தை எழுதக் கைக்கு இயலும், விசைக்கு இயலாது.

இது சிறிய செய்தி அன்று. ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோர் ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொணர்ந்த காலத்தில், ஓலைக்கும் அச்சுக்கும் இடையே தாளில் எழுதிய கைப்படி ஒன்று நின்றது. 1885-இல் தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இல் ஐயர் சீவக சிந்தாமணியையும் வெளியிட்டனர். ஐயரின் பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. ஒவ்வொன்றின் பின்னும் பல ஏடுகளை ஒப்புநோக்கிய உழைப்பு உள்ளது. ஒருவர் படிக்க, மற்றவர் தத்தம் ஏட்டில் பார்க்க, வேறுபாடுகளைக் கையால் குறித்துக்கொள்ளுதல் அவர்கள் முறை. குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர் சில ஏடுகளில் விடுபட்டிருந்தமையும், தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்தமையும் ஐயரின் வாழ்க்கையை அறிந்தோர் யாவரும் அறிவர். விடுபட்ட இடம் விடுபட்ட இடமாகவே கைப்படியில் நின்றதனால் அன்றோ அதனை நிரப்பும் வேட்கையும் நின்றது? இடைவெளியை இட்டு நிரப்பி ஓட்டமாக அடித்துச் சென்ற படியொன்று அவர் கைக்குக் கிடைத்திருந்தால் தருமபுரத்திற்குச் செல்ல வேண்டிய தேவை எழுந்திராது.

கையால் எழுதுவோர் அனைவரும் கருத்தோடு எழுதினர் என்று இதனாற் கொள்ளுதல் கூடாது. கூலிக்கு ஏடெழுதியோர் செய்த பிழைகளைப் பதிப்பாசிரியர் ஒவ்வொருவரும் நொந்துரைத்துள்ளனர்; எழுதினவனைக் குறைகூறும் பழமொழியும் தமிழில் உண்டு. கை இயங்குவது மட்டும் போதாது, உள்ளம் உடன் இயங்குதல் வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுட்களை வாயாற் சொல்லச் சொல்ல மாணவர் ஓலையில் எழுதிய வரலாற்றை ஈண்டு நினைத்தல் தகும். ஆசிரியர் பாடலை யாக்கும் விரைவிற்கு எழுத்தாணி ஓடவேண்டும். சந்தி பிரித்தறியாதவனும் யாப்பறியாதவனும் அவ்வாறு எழுதவே இயலாது. எழுதுதல் அவர்க்குப் பாடமாகவே அமைந்தது. அவ்வாறு எழுதிப் பயின்ற கையே பின்னாளில் சிந்தாமணியைப் பதிப்பித்தது.

கையெழுத்தின் பயனைத் தொடக்கக் கல்வியிலிருந்து காண்பதற்குச் சென்னையே ஒரு சான்று தருகின்றது. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, எழுத்தின் ஒலியை வாயாற் சொல்லிக்கொண்டே விரலால் வரைதல் நம் நாட்டுப் பழமுறை. 1789-ஆம் ஆண்டு எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் காப்பகத்தின் தலைமையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் அங்கே ஓங்கியது. 1796-இல் தாயகம் மீண்ட அவர், மறு ஆண்டு இலண்டனில் தம் முறையை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரோடே அது இங்கிலாந்தில் பரவிற்று. இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகள் எழுத்தறிந்த வரலாற்றில் எழும்பூர் மணலுக்கும் பங்கு உண்டு என்பதை நம் கல்வி வரலாற்று நூல்கள் இன்னும் சற்று அழுத்தமாகச் சொல்லலாம்.

மணலில் வரைந்த எழுத்து ஒருமுறை இருந்தவாறு மறுமுறை இராது. ஒன்று சாயும், ஒன்று நெளியும். இக்குறையே நிறையாவதை அண்மைக்கால ஆய்வொன்று காட்டுகின்றது. 2012-இல் காரின் ஜேம்ஸ், லாரா எங்கெல்ஹார்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் எழுத்துகளைத் தாமே வரைதல், புள்ளிக்கோட்டின்மீது வரைதல், விசையில் அடித்தல் என மூவகைப் பயிற்சி அளித்து, பின்னர் அவ்வெழுத்துகளைக் காட்டி மூளையின் செயலை நுண்கருவியால் நோக்கினர். படிப்பிற்கு உரிய மூளைப் பகுதிகள் தாமே வரைந்த எழுத்துகளுக்கே சிறப்பாகத் துலங்கின. தாமே வரையும் குழந்தை ஒரே எழுத்தின் பல கோணல் வடிவங்களைக் காண்கின்றது. அவை யாவும் ஓரெழுத்தே என உணர்கின்றது. விசை அடிப்பதோ என்றும் ஒரே வடிவம்.

வளர்ந்தோரைப் பற்றிய ஆய்வுகளை அவ்வளவு உறுதியோடு கூறுதற்கில்லை. 2014-இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்போர் வெளியிட்ட கட்டுரை, மடிக்கணினியிற் குறிப்பெடுத்த மாணவர் பேச்சைச் சொல்லுக்குச் சொல் அடித்தனர் என்றும், கையாற் குறித்தோர் சுருக்கித் தம் சொல்லில் எழுதியமையின் கருத்து வினாக்களுக்குச் சிறப்பாக விடையளித்தனர் என்றும் கூறியது. அது பெரும்புகழ் பெற்றது. ஆயின் 2019-இலும் 2021-இலும் பிறர் அதனைத் திரும்பச் செய்து பார்த்தபோது, அடிப்போர் மிகுதியான சொற்களை அடிக்கின்றனர் என்பது நின்றது; தேர்வில் வேறுபாடு என்பது தெளிவுற நிற்கவில்லை. 2024-இல் நார்வே நாட்டு ஆய்வாளர் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, 36 பல்கலைக்கழக மாணவர் எண்ணிமத் தூவலால் எழுதும்போதும் விசையால் அடிக்கும்போதும் அவர்தம் மூளை மின்னோட்டத்தை 256 உணரிகளால் அளந்து, எழுதுங்கால் மூளைப் பகுதிகளின் இணைப்பு மிகுதி என முடிவு செய்தது. அம்மாணவர் ஒற்றை விரலால் மட்டும் அடிக்குமாறு பணிக்கப்பட்டனர் என்பதை அதனை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. பத்து விரலாலும் அடிக்கப் பயின்ற தட்டெழுத்தாளரின் நிலை வேறாக இருத்தல் கூடும். இவ்வாய்வுகள் உரோமன் எழுத்தைக் கொண்டு நிகழ்ந்தவை என்பதும் கருதத்தக்கது. கு, சு, டு, து, பு என உகரம் ஏறுங்கால் மெய்க்கு மெய் வேறுபட்ட கீற்றுகளைப் பழகும் தமிழ்க் கைக்கும், ஒரே உகர விசையை அழுத்தும் விரலுக்கும் உள்ள தொலைவு ஆங்கிலத்தில் உள்ளதினும் பெரிது. தமிழ்ப் பிள்ளைகளைக் கொண்டு இதனை ஆராய்தல் நம் பல்கலைக்கழகங்களின் கடன்.

இனிப் பொறிகள் எழுத்தை மாற்றிய வகையைச் சுருங்கக் காண்பாம். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. 1713-ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் அச்சகம் தமிழ் அச்சிடத் தொடங்கியது. எகர ஏகார வேறுபாட்டை வடிவில் காட்டும் முறையை வீரமாமுனிவர் (1680–1747) வகுத்தார் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. புள்ளியும் இரட்டைக் கொம்பும் காலின் தனிவடிவும் அச்சினால் நிலைபெற்றன. படிப்போனுக்கு எளிமை உண்டாயிற்று. ஓலை அவனிடம் விட்டுவைத்திருந்த பணியை அச்சு ஏற்றுக்கொண்டது என்க.

தட்டெழுத்துப் பொறியின் வரலாறு இன்னும் சுவையானது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுள் அடக்கும் அரிய பணியை மேற்கொண்டார். சில குறிகளை அடிக்குங்கால் உருளை நகராது நிற்குமாறு அமைத்தமை அவர் கண்ட வழிகளுள் ஒன்று. அதனாற் குறியும் எழுத்தும் ஓரிடத்தில் இணைந்தன. அப்பொறி செருமனி நாட்டில் உருவாகி வந்தது. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பின் அரசு அலுவலகங்களில் தமிழ்ப்பொறியின் தேவை மிகுந்தது. கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் இந்தியாவில் தட்டெழுத்துப் பொறி செய்யத் தொடங்கி, 2009-இல் நிறுத்தியது. இடையே 1978-இல் தமிழ்நாட்டரசு, தந்தை பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் வழங்கிய சீர்திருத்த எழுத்துகளை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் அச்சிலிருந்து நீங்கின. அச்சுக்கோப்போர்க்கும் தட்டெழுத்தாளர்க்கும் அது பெரும் உதவி. ஆயினும் எம் ஆசிரியர் தலைமுறையினர் கையெழுத்தில் துதிக்கை தூக்கிய லைகாரம் அவர் இறுதிநாள் வரை நீங்கவில்லை. இன்றைய மாணவர் அவர்தம் கடிதங்களைப் படிக்கத் திணறுகின்றனர். ஓலையைப் படிக்க இயலாமை ஒருபுறமிருக்க, ஐம்பது ஆண்டுக்கு முற்பட்ட மடலையே படிக்க இயலாத நிலை வந்துள்ளது.

விசையின் சிறப்பை மறைத்தல் ஆராய்ச்சி அறம் ஆகாது. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட ‘தமிழ் 99’ விசைப்பலகையில், கொ என்பதை அடிக்கக் ககரத்தை அழுத்திப் பின் ஒகரத்தை அழுத்துவர். கையோ கொம்பை முதலில் எழுதி, மெய்யை நடுவில் எழுதி, காலை இறுதியில் இடும். மெய்யின்பின் உயிர் வந்து உயிர்மெய்யாகும் என்னும் இலக்கண நெறியோடு இயைவது விசையே, கை அன்று! இதனை வகுப்பிற் சொல்லும்போது மாணவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி எமக்கும் உண்டு. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழி, பல நாட்டுத் தமிழர் தம் ஓய்வு நேரத்தில் அடித்தளித்த நூல்கள் இன்று எவர்க்கும் கிடைக்கின்றன. ஒரு சொல் சங்க இலக்கியத்தில் எத்தனை இடத்து வருகின்றது என்பதை நொடியில் அறிகின்றோம். முன்னோர் அதற்கு மாதக்கணக்கில் அட்டை எழுதினர். எழுத இயலாதபடி கை நலிந்தோர்க்கும் விசை பெருந்துணை.

ஆதலின் எம் வழக்கு விசையை விலக்குக என்பதன்று. ஓலைக்கும் விசைக்கும் இடையே கைப்படி என்னும் படி ஒன்று இருந்தது. அது இப்போது விடுபட்டுவருகின்றது. சுவடிகளை நிழற்படமாக்கும் பணி பல நூலகங்களில் நடைபெறுகின்றது. நிழற்படத்திலிருந்து நேரே விசைக்குச் செல்லும் பழக்கமும் அதனோடு வளர்கின்றது. 1869-இல் அமைந்த சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும், தஞ்சைச் சரசுவதி மகாலிலும், பெசன்ட் நகரில் உள்ள உ. வே. சா. நூலகத்திலும் இன்னும் முழுமையாக ஆராயப்படாத ஏடுகள் உள்ளன. அவற்றை எடுத்தாளப் போகின்றவர் இன்று எம் வகுப்பில் அமர்ந்துள்ள மாணவரே. விசைப்பலகையோ இப்போது சொல்லின் முதலிரண்டு எழுத்தை அடித்தவுடன் எஞ்சியதைத் தானே ஊகித்து நீட்டுகின்றது; அது நீட்டுவது இக்காலச் சொல். ஏட்டில் உள்ள அருஞ்சொல்லை அது அறியாது.

கடந்த இரு பருவங்களாக யாம் ஒரு முறையைக் கைக்கொண்டு வருகின்றோம். முதலில் ஓலையில் உள்ளவாறே, புள்ளியும் இடைவெளியும் இன்றி, தாளில் எழுதுதல். இரண்டாவது, அதன் கீழ் வேறு மையால் புள்ளியிட்டுச் சொற்பிரித்து எழுதுதல். மூன்றாவதே விசையில் அடித்தல். காலம் மிகச் செலவாகின்றது என மாணவர் முறையிட்டனர். உண்மைதான், ஓரேட்டிற்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் செல்கின்றது. சென்ற பருவத்தில் தாம்பரத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் தம் முதற்படியில் கொம்பு, தகரம், ரகர வடிவம் ஆகிய மூன்றையும் வரைந்து, அதன்கீழ் ‘தேர்’ என எழுதி வினாக்குறி இட்டிருந்தார். அடி தளை தட்டிற்று. மறுவாரம் அதே தாளோடு வந்து, அது ‘தோ’ என்றும் அடுத்து நின்ற ளகரத்தோடு சேர்த்துத் ‘தோள்’ எனப் படித்தல் வேண்டும் என்றும் கூறினார். முன்னரே ‘தேர்’ என அடித்துத் தந்த நால்வரின் படிகளில், அந்த ளகரத்தைக் காணவில்லை.